வீட்டு வரி புரொட்டஸ்ட்: ஆள் வைக்கலாமா?

டெக்சாஸில் சொந்த வீடு வைத்திருப்பவர்களே, ஒரு யோசனை சொல்லுங்கள். வரிக்காக வீட்டுக்கு மதிப்புப் போட்டு அனுப்பும் அப்ரைசல் நோட்டீஸ் வந்துவிட்டது; அந்த மதிப்பை எதிர்த்து புரொட்டஸ்ட் செய்ய மே 15 கெடு. அதே பிளான், அதே சதுர அடி, இரண்டு வீடு தள்ளி இருப்பதற்குக் குறைவான மதிப்பு. எங்கள் வீட்டிலோ ஃபவுண்டேஷன் விரிசல் வேறு. பின்கதவு நிலையில் இடித்துக்கொண்டு மூடவே மாட்டேன் என்கிறது!

வரி குறைந்தால் மிச்சத்தில் பங்கு, இல்லாவிட்டால் பைசா வேண்டாம் என்கிற கன்சல்டன்டுகளை யாராவது வைத்திருக்கிறீர்களா? விரிசல் போட்டோ, ரிப்பேர் எஸ்டிமேட் எல்லாம் கேட்டு வாங்கி ஹியரிங்கில் காட்டுகிறார்களா, இல்லை ஊருக்கெல்லாம் ஒரே பேப்பரை நீட்டுகிறார்களா? குடியிருக்கும் வீட்டுக்கு வரி போடும் மதிப்பு வருஷத்துக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது என்கிற ஹோம்ஸ்டெட் வரம்பு இருப்பதால், மார்க்கெட் மதிப்பு அந்த வரம்புக்குக் கீழே இறங்கினால்தான் எங்களுக்கு லாபம். அதுவரை குறைத்ததற்கும் பங்கு கேட்பார்களா? கையெழுத்துப் போட்டால் அடுத்த வருஷமும் அவர்களே தொடர்வார்களா?

தாங்களே போய்க் குறைத்தவர்களும் சொல்லுங்கள்.