ஒத்தக்கடை வீட்டுக் குழு: பழைய படகின் எடையும் கைக்கு எட்ட வேண்டிய பொருள்களும்

சனிக்கிழமை

அண்ணன், காலை 6:40
அனைவருக்கும் வணக்கம். சித்தப்பாவின் உதவியோடு வாங்கிய பழைய ஃபைபர் படகைத் தொண்டியிலிருந்து டிரெய்லரில் ஏற்றி, நேற்றிரவு நம் வீட்டு முற்றத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். நீளம் 6 மீட்டர். ஏற்றுவதற்கு முன் ஒரு முறை கடலில் இறக்கிப் பார்த்தோம். ஆள் ஏறாமலேயே பின்பகுதி அமிழ்ந்து, முன்பகுதியான அணியம் தூக்கி நின்றது. இடப்பக்கம் 4 சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. வேகம் கூட்டியதும் முன்பக்கம் எழுந்தும் விழுந்தும் துள்ளியது. அணியத்தில் 40 கிலோ மணல் மூட்டை போட்டால் சரியாகிவிடும் என்று விற்றவர் சொன்னார். பெரிய மாமாவைக் கேட்காமல் எதையும் செய்ய எனக்கு மனமில்லை.

பெரிய மாமா, காலை 7:15
மாப்பிள்ளை, மணல் மூட்டையை இப்போதைக்கு மறந்துவிடு. எடை எங்கே கூடியிருக்கிறது என்று தெரியாமல் எதிர்ப்பக்கம் எடை ஏற்றினால், படகு நேராகத் தெரியும். ஆனால் முன்னைவிட ஆழமாக அமிழ்ந்து, தண்ணீருக்கும் விளிம்புக்கும் இடையே இருக்க வேண்டிய உயரத்தை இழந்துவிடும். பின்பகுதியில் என்னென்ன இருக்கின்றன என்று ஒன்றுவிடாமல் எழுது.

அண்ணன், காலை 7:50
மோட்டார் 40 குதிரைத்திறன், ஃபோர் ஸ்ட்ரோக். பின்மூலையில் இடப்பக்கம் பேட்டரி, 27 கிலோ. அதன் அருகிலேயே தலா 25 லிட்டர் கொள்ளும் இரண்டு பெட்ரோல் டேங்குகள். கருவிப்பெட்டியும் இடப்பக்கம்தான். ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம்.

சித்தப்பா (தொண்டி), காலை 8:05
அந்தப் படகில் முதலில் டூ ஸ்ட்ரோக் மோட்டார்தான் இருந்தது என்று இங்குள்ளவர்கள் சொல்கிறார்கள்.

பெரிய மாமா, காலை 8:30
பாதி விடை அதிலேயே இருக்கிறது. அந்தத் திறனுள்ள டூ ஸ்ட்ரோக் மோட்டார் 70 கிலோவைச் சற்றுத் தாண்டும். ஃபோர் ஸ்ட்ரோக் 100 கிலோவை ஒட்டி வரும். ஏறத்தாழ 25 கிலோ, படகின் கடைசி விளிம்பில் கூடியிருக்கிறது. மோட்டாரை நகர்த்த முடியாது, மற்றவற்றை நகர்த்தலாம். அதற்கு முன் ஒரு வேலை செய். ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியால் தளப்பலகையை முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே போ. ஓசை எங்கே மந்தமாகிறதோ அங்கே சாக்பீஸால் குறி வை. பழைய படகுகளில் தளத்துக்கு அடியில் அடைத்த ஃபோம் ஆண்டுக்கணக்கில் தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். அந்த எடை கண்ணில் படாது.

அண்ணன், மாலை 5:20
மாமா, பின்பகுதியில் ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு ஓசை மந்தமாகவே இருக்கிறது. நீங்கள் தொலைபேசியில் சொன்னபடி டிரெய்லரின் முன்பக்கத்தை ஜாக்கியால் உயர்த்தி, தளத்தின் பின்கோடியில் 8 மில்லிமீட்டர் துளை போட்டேன். கறுத்த தண்ணீர் சொட்டத் தொடங்கி இன்னும் நிற்கவில்லை. இதுவரை இரண்டு வாளி ஊற்றிவிட்டேன்.

அத்தை, மாலை 5:32
பார்க்கவே நெஞ்சு பதறுகிறது, தம்பி. இதை அறியாமல் மணலையும் ஏற்றிக்கொண்டு கடலுக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஞாயிற்றுக்கிழமை

அண்ணன், காலை 9:10
மொத்தம் 30 லிட்டர் வடிந்திருக்கிறது. ஃபோமைப் பிழிந்தால் இன்னும் ஈரம் வருகிறது.

பெரிய மாமா, காலை 9:45
வடிந்ததே 30 கிலோ. ஈரமான ஃபோம் வெயிலில் காய்ந்துவிடும் என்று காத்திருக்காதே. வெட்டி எடுத்துவிட்டு, தண்ணீர் குடிக்காத பாலிஎத்திலீன் ஃபோமை அடைக்க வேண்டும். அது இல்லாமல் வெற்றிடமாகவும் விடக்கூடாது. படகில் நீர் புகுந்தாலும் மிதக்க வைப்பது அதுதான்.

இனி கணக்கைப் பார். எடையை அது நகரும் தூரத்தால் பெருக்க வேண்டும். துலாக்கட்டையில் கல் கட்டுவதும் இதே கணக்குத்தான். 27 கிலோ பேட்டரியை 2 மீட்டர் முன்னே கொண்டுவந்தால் 54. நிறைந்த டேங்குகளில் உள்ள 50 லிட்டர் பெட்ரோல் ஏறத்தாழ 37 கிலோ, அதை 1.2 மீட்டர் முன்னே வைத்தால் 44. இரண்டும் சேர்ந்து 98. விற்றவர் சொன்ன 40 கிலோ மணலை, படகின் நடுவிலிருந்து இரண்டரை மீட்டர் முன்னே போட்டால் கிடைப்பது 100. கிட்டத்தட்ட அதே பலன், ஒரு கிலோகூட ஏற்றாமல்.

நான், காலை 10:02
அப்படியானால் பேட்டரியை அணியத்தின் நுனிக்கே கொண்டுபோனால் இன்னும் கூடுதல் பலன் கிடைக்காதா மாமா?

பெரிய மாமா, காலை 10:20
கிடைக்கும் அம்மா, ஆனால் அலையின் அடி அங்கேதான் பலமாக விழும். பேட்டரியின் உள்தகடுகள் தாங்காது. ஓட்டுநர் இருக்கைக்கு அடியில், வலப்பக்கம் வைத்தால் இடச்சாய்வும் குறையும். ஆனால் கம்பி நீளும். போக வர 8 மீட்டர் செம்புக் கம்பியில் ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் இழுக்கும்போது, 16 சதுர மில்லிமீட்டர் கம்பியானால் 1.3 வோல்ட் போய்விடும்; 35 சதுர மில்லிமீட்டரானால் 0.6 வோல்ட்தான் போகும். தடித்ததையே வாங்கு, ஃபியூஸ் பேட்டரிக்கு மிக அருகில் இருக்கட்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, அடித்தளத்தில் தேங்கும். ஆகவே டேங்கையும் பேட்டரியையும் ஒரே மூடிய அறைக்குள் வைக்கவே கூடாது. நிரப்புவதற்கு டேங்கைக் கரையில் இறக்கிவிடு.

அண்ணன், காலை 10:41
அப்படியே செய்கிறேன். இன்னொரு திட்டமும் உண்டு. இரும்புக் குழாயில் ஒரு கூரை போட்டு, மீன் வைக்கும் ஐஸ் பெட்டியையும் அதன் மேலேயே கட்டிவிட நினைத்திருந்தேன். கீழே இடம் மிச்சமாகும்.

அத்தை, காலை 10:48
வேண்டவே வேண்டாம். 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்த செய்தியைக் கேட்ட இரவு எனக்கு இன்னும் மறக்கவில்லை.

பெரிய மாமா, காலை 11:05
உன் அத்தை சொல்வதைக் கேள். முன்பின் எடை தவறினால் படகு துள்ளும். உயரத்தில் எடை கூடினால், எல்லோரும் ஒரு பக்கம் நகர்ந்த நொடியில் கவிழும். ஐஸ் பெட்டி நடுவில், தளத்தோடு ஒட்டி, பட்டையால் கட்டப்பட்டிருக்க வேண்டும். உருகிய நீரை அவ்வப்போது வடித்துவிடு. தளும்பும் நீர் சாய்ந்த பக்கமே ஓடி, சாய்வை இன்னும் கூட்டும். நிழலுக்கு அலுமினியக் குழாயில் மடக்கும் துணிப்பந்தல் போதும்.

சித்தப்பா (தொண்டி), காலை 11:30
மச்சான், ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். பெட்ரோல் ஃபில்டரைப் பார்க்கப் பின்பலகையில் 12 திருகாணிகளைக் கழற்ற வேண்டியிருந்தது. உயிர்காப்பு உடுப்புகள் வலைக்கு அடியில் கிடந்தன. தீயணைப்புக் குப்பி மோட்டாரை ஒட்டியே மாட்டியிருந்தது.

பெரிய மாமா, மதியம் 12:10
எடையைவிட எனக்கு இதுதான் பெரிய கவலை. மோட்டார் தீப்பிடித்தால் அதை ஒட்டி மாட்டிய குப்பியை எப்படி எடுப்பது? அதை ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில் மாட்டு. உடுப்புகள் திறந்த தட்டில், எதற்கும் அடியில் இல்லாமல் இருக்கட்டும். ஃபில்டருக்கு நேர்மேலே 40க்கு 50 சென்டிமீட்டரில் மூடியுள்ள திறப்பு வெட்டு. அடியில் ஓடும் தாங்குகட்டைகளைத் தட்டிக் கண்டுபிடித்து, அவற்றின் இடைவெளியில் மட்டும் வெட்டு. மூலைகள் வளைவாக இருக்க வேண்டும். கூர்மூலையில்தான் விரிசல் தொடங்கும். வெட்டிய விளிம்பில் ஒட்டுப்பலகை தெரிந்தால் ரெசின் பூசி மூடு, இல்லையென்றால் மீண்டும் தண்ணீர் குடிக்கும். அடித்தண்ணீரை இறைக்கும் பம்பின் மிதவைச் சுவிட்சைக் கையால் தூக்கிப் பார்க்கவும் வழி இருக்க வேண்டும்.

அடுத்த வெள்ளிக்கிழமை

அண்ணன், மாலை 4:35
தொண்டியிலிருந்து எழுதுகிறேன். மாமா சொன்னபடி ஆளில்லாமல் அளக்காமல், நான் ஓட்டுநர் இருக்கையிலும் சித்தப்பா நடுவிலும் அமர்ந்து, நான்கு மூலைகளிலும் நீர்மட்டத்திலிருந்து விளிம்புவரை அளந்தோம். பக்கச்சாய்வு 1 சென்டிமீட்டர்தான். மோட்டார் நிற்கும் கோணத்தை மாற்றும் சாய்வு ஊசியை ஒரு துளை உள்ளே மாற்றியதும் துள்ளல் நின்றுவிட்டது. ஃபில்டரைத் திறந்து மூட இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

பெரிய மாமா, மாலை 4:50
மிக்க மகிழ்ச்சி, மாப்பிள்ளை. டேங்குகள் பாதியாகக் குறைந்த பிறகு, கரைக்கு அருகிலேயே, அதே நான்கு மூலைகளையும் மறுபடி அளந்து எனக்கு எழுது.

அத்தை, மாலை 4:52
உடுப்பை மாட்டிக்கொண்டு அள, தம்பி.