மட் ஃபிளாப்: ‘சேற்றுத் தடுப்பான்’ வேண்டாம், ‘சக்கரமடல்’ ஆகட்டும்

வணக்கம் நண்பர்களே. வண்டிச் சக்கரத்துக்குப் பின்னால் தொங்கும் மட் ஃபிளாப்புக்குத் தமிழில் ‘சக்கரமடல்’ என்று பெயர் வைக்கலாம் என்கிறேன். சிலர் இப்படிக் கேட்கலாம்:

> ‘சேற்றுத் தடுப்பான்’ போதுமே, படித்தவுடன் புரிகிறதே.

புரிகிறது, சரி. ஆனால் அந்தப் பொருள் செய்யும் வேலையில் பாதியைத்தான் அது சொல்கிறது. மலேசியாவின் பினாங்கு இரண்டாம் பாலத்தில் நான் தினமும் பத்து கவானிலிருந்து பத்து மாவுங் போய்வருகிறேன். 24 கிலோமீட்டர் நீளம், பொட்டுச் சேறு கிடையாது. லோரிகள் சிந்திய பொடிக்கல் உண்டு. என் சின்ன எஸ்யூவியை வாங்கிய எட்டாவது மாதம், கழுவும்போது பார்த்தேன்: முன்சக்கரத்துக்குப் பின்னால், கதவுக்குக் கீழே, சாயம் புள்ளி புள்ளியாகப் பெயர்ந்திருந்தது. விரலால் தடவினால் உப்புத்தாள் போல நெருடியது. முன்னால் போன வண்டி அடித்ததல்ல, என் டயரே அடித்தது. டயர்ப் பள்ளத்தில் சிக்கிய கல் சுழற்சியில் விடுபட்டுப் பின்னால் தெறிக்கிறது. முன்பக்கம் மாட்டுவது நம் வண்டிக்கு. பின்பக்கம் மாட்டுவது பெரும்பாலும் நமக்குப் பின்னால் வருகிறவருக்கு.

ஆகவே பெயரில் சேற்றை விட்டுவிட்டுச் சக்கரத்தை வைப்போம்.

அப்புறம் ‘தடுப்பான்’. அது விறைத்து நிற்கும் பொருளைச் சொல்வது போல இருக்கிறது. புக்கிட் மெர்தாஜாம் பட்டறையில் என் வண்டிக்கு இதை மாட்டிவிட்ட தம்பி, ஸ்டீரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, டயர் உரசுகிறதா என்று குனிந்து பார்த்தார். “தொங்கணும்ணே, ஆனா டயர்ல ஒட்டக்கூடாது. ரிவர்ஸ்ல திண்டுல இடிச்சா வளைஞ்சு திரும்பி வரணும்” என்றார். தொங்கும், வளையும், பழைய இடத்துக்கே திரும்பும். நம் காதுமடல் அப்படித்தானே?

> மடல் என்றால் கடிதம் என்று குழம்பாதா?

காதுமடலையும் தாழைமடலையும் யாரும் கடிதமாக எடுத்துக்கொள்வதில்லை. முன்னால் நிற்கும் சொல் அதைத் தெளிவாக்கிவிடும்.

பட்டறையில் பலர் இதையும் ‘மட்கார்ட்’ என்றே சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பெயர் சக்கரத்தின் மேல் கவிந்திருக்கும் தகட்டுக்கே இருக்கட்டும். கீழே தொங்குவது சக்கரமடல். ‘முன் சக்கரமடல் கிழிஞ்சிருக்கு, திருகைக் கழற்று’ என்று சொல்லிப் பாருங்கள், வாயில் தடுக்காமல் வருகிறது.

சக்கர வளைவுக்கு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறைக்கும் ஒரு சொல் தேவை. என் வண்டியில் மடலின் திருகு ஏறுவது அதில்தான். ‘வளைவுறை’ சரிவருமா?