பிரீத் அனலைசரில் ஊதிய அனுபவம் உண்டா?

மேலூர்க்காரன்
நான்குவழிச் சாலையில் தடுப்பு போட்டிருந்தார்கள். காலை ஏழு மணி. முந்தின இரவு திருச்சியில் நண்பன் வீட்டுக் கல்யாண வரவேற்பு. இரண்டே ரவுண்டு. ஒரு மணிக்கெல்லாம் படுத்துவிட்டேன். எழுந்து குளித்து, இட்லி சாப்பிட்டுத்தான் காரை எடுத்தேன். ஊதினால் 46. "இது நேற்று குடித்தது சார்" என்றேன். "ரத்தத்தில் இன்றுதானே இருக்கிறது?" என்றார் எஸ்.ஐ.

பின்சீட்டிலிருந்து என் ஆறு வயது மகள் கைதட்டினாள். "அப்பா நாற்பத்தாறு! அந்த லாரி மாமா வெறும் சைபர்!" பலூன் ஊதும் போட்டி என்று நினைத்துவிட்டாள். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நீதிமன்றத்தில் பத்தாயிரம் கட்டியது மறந்துவிட்டது, அந்தக் கைதட்டல் மட்டும் போகவில்லை. இருந்தாலும் கேட்கிறேன், 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராம் மதுதான் வரம்பு என்பது ரொம்பக் கெடுபிடி இல்லையா? இங்கிலாந்தில் 80 வரை விடுகிறார்கள். இங்கே இன்னும் குறைக்கச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இரவுப்பணி
இங்கிலாந்தைச் சொன்னவர் பக்கத்திலிருக்கும் ஸ்காட்லாந்தை ஏன் விட்டுவிட்டார்? 2014 டிசம்பரிலேயே அங்கே 50 ஆக்கிவிட்டார்கள்.

நான் அவசரப் பிரிவில் செவிலியர். ஒரு ஞாயிறு இரவு, பைக்கில் போய்ப் பாலத்துச் சுவரில் மோதிய இளைஞனைக் கொண்டுவந்தார்கள். டாக்டர் விபத்துப் பதிவேட்டை எழுதிக்கொண்டிருந்தார். அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, "வாடை அடிக்கிறது என்ற ஒரு வரியை மட்டும் எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள் அக்கா, இன்சூரன்ஸ் வராதாம்" என்றாள். அவன் பிழைப்பானா என்று அதுவரை அவள் கேட்கவில்லை. யாரோ அவளுக்கு அந்த வரியைப் பற்றித்தான் முதலில் சொல்லியிருக்கிறார்கள். டாக்டர் எழுதினார். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

பத்துச்சக்கரம்
லாரிக்காரன் சைபர் எடுத்ததில் அப்படியென்ன அதிசயம்? எங்களுக்கு லைசென்ஸ்தான் சோறு.

நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016இல் சொன்னது. நான் வழக்கமாக டீக்குடிக்கும் இடத்தில் கடை உள்ளே தள்ளிப்போனது. ஒரே மாதத்தில் வயலுக்கு நடுவே புதுத் தடம் விழுந்துவிட்டது. ராத்திரியில் அந்தத் தடத்திலிருந்து முகப்பு விளக்கு இல்லாத பைக் ஒன்று என் முன்சக்கரத்துக்கு நேராக ஏறி வந்தது. பிரேக் பிடித்தது, அவ்வளவுதான். அவன் எனக்குக் கும்பிடு போட்டுவிட்டுப் போனான்.

கணக்குவாத்தியார்
நான் ஒரே ஒருமுறை ஊதியிருக்கிறேன், சைபர். கதை முடிந்தது. ஆனால் சிலவற்றைச் சொல்லியாக வேண்டும். மோர், எலுமிச்சை, கட்டங்காப்பி, தலைக்குக் குளியல் எதுவும் ரத்தத்திலிருந்து மதுவை இறக்காது. கல்லீரல் தன் வேகத்தில்தான் வேலை செய்யும், 100 மில்லி ரத்தத்துக்கு மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம். வாய் கொப்பளிக்கும் மருந்தால் எண் ஏறிவிட்டது என்று தோன்றினால் கால் மணி நேரம் கழித்து மறுபடி ஊதக் கேளுங்கள், வாயிலிருப்பது அதற்குள் போய்விடும். விருந்துக்குப் போகும்போதே ஆக்டிங் டிரைவருக்குச் சொல்லிவையுங்கள், குடித்த பிறகு யாருக்கும் அந்த யோசனை வராது. முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறைக்கும் சட்டத்தில் இடம் உண்டு. 2019க்கு முன் அபராதம் இரண்டாயிரம்தான், அந்த நினைப்பிலேயே பலர் இன்னும் ஓட்டுகிறார்கள்.

மேலூர்க்காரரே, காலை ஏழு மணிக்கு 46 என்றால், ஆறு மணி நேரத்துக்கு 90ஐக் கூட்டுங்கள். படுக்கும்போது 136. இரண்டு ரவுண்டு என்பது கொஞ்சம் உதைக்கிறது.

மேலூர்க்காரன்
ஐந்து ரவுண்டு.

மண்டபத்திலிருந்து தங்கும் விடுதிக்கும் நான்தான் ஓட்டினேன். ஏழெட்டுக் கிலோமீட்டர் இருக்கும். பாப்பா பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாள். வழியில் யாரும் நிறுத்தவில்லை.