இரண்டு மாதப் பூனைக்குட்டிக்கு எதைக் கொடுத்தாலும் பேதியாகிறது, எந்த உணவு சேரும்?

கேள்வி: மஞ்சக்குப்பம், கடலூர்

எல்லோருக்கும் வணக்கம். முதல் தடவையாகப் பூனை வளர்க்கிறேன், கொஞ்சம் வழி சொல்லுங்கள்.

பன்னிரண்டு நாளுக்கு முன்னால் இங்கே நல்ல மழை. மறுநாள் காலையில் துணி துவைக்கும் கல்லுக்கு அடியில் ஒரு குட்டி கத்திக்கொண்டிருந்தது. தாய் வருமா என்று அன்று முழுக்கப் பார்த்தோம், வரவில்லை. சாயங்காலம் உள்ளே எடுத்து வந்துவிட்டோம். சாம்பலும் வெள்ளையுமான நிறம். மகள் பொட்டு என்று பெயர் வைத்திருக்கிறாள். பல் முளைத்திருக்கிறது, இரண்டு மாதம் இருக்கலாம்.

முதல் இரண்டு நாள் பசும்பால் கொடுத்தேன், தண்ணீராகப் போனது. பாலை நிறுத்திவிட்டு இட்லியைப் பிசைந்து வைத்தேன், சரியாகத் தின்னவில்லை. அப்புறம் மத்தி மீனை வேகவைத்து முள் எடுத்துக் கொடுத்தோம். அவ்வளவு ஆசையாகத் தின்றது, ஆனால் அன்று ராத்திரியே நாற்றம் தாங்க முடியாத பேதி. பிறகு கடையில் மூட்டையிலிருந்து அள்ளித் தந்த கேட் ஃபுட் அரைக் கிலோ. அதற்கும் அதே கதிதான். நேற்று ஒரு கிரேவி பவுச் வாங்கினேன். இன்று காலைக்குள் மூன்று தடவை போய்விட்டது. வாலடியில் முடி ஒட்டிக் காய்ந்து, தோல் சிவந்திருக்கிறது. வெந்நீர்த் துணியால் ஒற்றி எடுக்கப் போனால் கத்துகிறது, கேட்கவே மனசு வலிக்கிறது.

பசி நன்றாக எடுக்கிறது, விளையாடுகிறது, வாந்தி இல்லை. கடையில் 'சென்சிடிவ்' என்று போட்ட ஒரு பாக்கெட் பார்த்தேன், விலை அதிகம். அதை வாங்கலாமா?

பதில்: முத்தியால்பேட்டை, புதுச்சேரி

வணக்கம் சகோதரி. குட்டியை எடுத்துக் காப்பாற்றியதற்கு முதலில் நன்றி.

அந்தப் பாக்கெட்டை இப்போது வாங்காதீர்கள். பன்னிரண்டு நாளில் பால், இட்லி, மீன், மூட்டைத் தீனி, பவுச் என்று ஐந்து மாறியிருக்கிறது. இவ்வளவு சின்னக் குடலுக்கு ஒரு உணவு பழகவே ஒரு வாரம் வேண்டும். ஒன்று பழகுவதற்குள் அடுத்தது வந்துவிட்டது. இந்த நிலையில் எந்த உணவு சேரவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது.

சில விஷயங்களைச் சொல்லுங்கள். எடை எவ்வளவு? பூச்சி மருந்து கொடுத்தீர்களா? ஒரு நாளைக்கு எவ்வளவு உணவு வைக்கிறீர்கள்? மலத்தில் ரத்தமோ சளியோ இருக்கிறதா? அப்புறம், தோள்பட்டைக்கு நடுவில் தோலை மெல்லத் தூக்கி விடுங்கள். உடனே பழையபடி படிய வேண்டும். ஈறு ஈரமாக, இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். தோல் மடிந்தபடி நின்றாலோ, ஈறு பிசுபிசுப்பாக இருந்தாலோ உடம்பில் தண்ணீர் வற்றுகிறது என்று அர்த்தம்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் இருக்கிற மனிதர் மாத்திரை எதுவும் வேண்டாம். பாரசிட்டமால் சின்னத் துண்டு போனாலும் பூனை இறந்துவிடும். பேதி நிற்கும் மாத்திரையையும் நாமாகக் கொடுக்கக் கூடாது. வாந்தி, ரத்தம், சோர்வு, அரை நாள் சாப்பிடாமல் இருப்பது, இதில் ஒன்று வந்தாலும் பதிலுக்குக் காத்திருக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள். தடுப்பூசி போடாத குட்டிகளுக்கு வரும் பன்லூக்கோபீனியா என்ற வைரஸ் நோய் இரண்டு மூன்று நாளில் உயிரை எடுத்துவிடும்.

பதில்: திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

அக்கா, தயிர் சாதம் மசித்துக் கொடுங்கள், வயிறு குளிர்ந்துவிடும். எங்கள் பாட்டி வீட்டில் எத்தனையோ பூனைகள் மீன் தலையும் சோறும் தின்றுதான் வளர்ந்தன. இந்தப் பாக்கெட் எல்லாம் அப்போது ஏது?

பதில்: லாசுப்பேட்டை, புதுச்சேரி

தம்பி சொல்வது எங்கள் வீட்டிலும் நடந்ததுதான். ஆனால் அந்தப் பூனைகள் நாம் வைத்த சோற்றை மட்டும் தின்று வளரவில்லை. ராத்திரியில் எலி, பல்லி, ஓணான் என்று எலும்பும் ஈரலுமாக முழுசாகத் தின்றன. அதிலிருந்துதான் சுண்ணாம்புச் சத்தும், பூனைக்குக் கட்டாயம் வேண்டிய டாரின் என்ற சத்தும் கிடைத்தன. எலும்பில்லாத கறியோ மீனோ மட்டும் தின்னும் குட்டி தன் எலும்பிலிருந்தே சுண்ணாம்பை எடுக்க ஆரம்பிக்கும், ஒரு நாற்காலியிலிருந்து குதித்தாலே கால் உடைந்துவிடும். டாரின் குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். 1987-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில்தான் பூனைகளின் இதயத் தசை தளர்வதற்கு டாரின் குறைவு காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அதற்கு அப்புறம்தான் கேட் ஃபுட்டில் அதன் அளவைக் கூட்டினார்கள். பாட்டி காலத்தில் இறந்துபோன குட்டிகளை யாரும் கணக்கு வைக்கவில்லை, தம்பி.

தயிரில் பாலைவிட லாக்டோஸ் (பாலில் உள்ள சர்க்கரை) குறைவு. ஆனாலும் பேதியில் இருக்கும் குட்டிக்கு ஆறாவது புது உணவாக அதையும் சேர்க்க வேண்டாம். பால் மறக்கும் வயதில் லாக்டோஸைச் செரிக்கும் சக்தி குறைந்துகொண்டே வரும், அதனால்தான் பசும்பாலில் முதலில் வயிறு போனது. மீனில் இன்னொன்று: மத்தி, நெத்திலி பச்சையாகக் கொடுத்தால் அதிலுள்ள ஒரு நொதி தயாமின் (பி1 வைட்டமின்) சத்தை அழித்துவிடும். நீங்கள் வேகவைத்தது சரிதான்.

கேட்டவர்

இவ்வளவு அக்கறையாக எழுதியதற்கு நன்றி. சமையலறைத் தராசில் எவர்சில்வர் கிண்ணத்தை வைத்து எடை பார்த்தேன், 780 கிராம். தோல் உடனே படிகிறது, ஈறு ஈரமாகத்தான் இருக்கிறது. பூச்சி மருந்து கொடுக்கவில்லை, அது இவ்வளவு சின்னதுக்கும் உண்டு என்று தெரியாது. மலம் கடுகு நிறம், கூழ் மாதிரி, கொஞ்சம் சளி. ரத்தம் இல்லை. உணவைக் கிண்ணம் காலியானதும் மறுபடி நிரப்பிவிடுவேன், அளந்ததில்லை. எலும்பும் தோலுமாக வந்த பிள்ளை, வயிறு நிறையட்டும் என்று நினைத்தேன்.

பதில்: லாசுப்பேட்டை, புதுச்சேரி

அளவில்லாமல் வைப்பதும் ஒரு காரணம். பசித்த குட்டி நிறுத்தத் தெரியாமல் தின்னும், செரிக்காதது அப்படியே கீழே போகும். இந்த எடைக்கு டிரை ஃபுட் என்றால் நாளுக்கு 40-லிருந்து 45 கிராம் வரும், அதை ஐந்து வேளையாகப் பிரியுங்கள். பாக்கெட்டின் பின்னால் எடை வாரியாக அட்டவணை இருக்கும், அதையும் பாருங்கள்.

ஆனால் உணவுக்கு முன்னால் மலப் பரிசோதனை. இன்றைய மலத்தைச் சின்ன டப்பாவில் எடுத்துக்கொண்டு குட்டியோடு கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். தாய்ப்பால் வழியாகவே உருளைப்புழு குட்டிக்கு வந்துவிடும். அதனால் மூன்றாவது வாரத்திலிருந்தே இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பூச்சி மருந்து தருவார்கள். காக்சிடியா, ஜியார்டியா என்ற கண்ணுக்குத் தெரியாத குடல் ஒட்டுண்ணிகள் என்றால் அந்த மருந்து கேட்காது, வேறு மருந்து வேண்டும். அதனால்தான் மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்கிறேன். கடலூரில் முடியாவிட்டால், புதுச்சேரி குரும்பாபேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது.

இப்போது உணவு. 'சென்சிடிவ்' பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள், பெரும்பாலும் ஒரு வயதுக்கு மேற்பட்ட பூனைக்கானதாக இருக்கும். குட்டிக்கு அது போதாது. 'கிட்டன்' அல்லது 'ஆல் லைஃப் ஸ்டேஜஸ்' என்று இருக்க வேண்டும், 'கம்ப்ளீட்' என்ற சொல்லும் இருக்க வேண்டும். 'காம்ப்ளிமென்டரி' என்றால் அது முழு உணவு இல்லை, கிரேவி பவுச் சிலவும் டியூபில் வரும் கிரீமும் அந்த வகைதான். அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கமான ஆஃப்கோவின் அளவுகோல்படி, வளரும் குட்டிக்கு ஈரம் நீக்கிய கணக்கில் குறைந்தது 30 சதவீதம் புரதம் வேண்டும். பவுச்சில் புரதம் 10 சதவீதம்தான் என்று பார்த்துப் பயப்பட வேண்டாம். அதில் 80 பங்கு தண்ணீர். மீதி 20 பங்கில் 10 புரதம் என்றால், ஈரம் நீக்கிய கணக்கில் 50 சதவீதம்.

ராயல் கேனின் மதர் அண்ட் பேபிகேட் நான்கு மாதம் வரைக்குமான குட்டிக்கு உள்ளது, தீனி மணிகள் சின்னச் சின்னதாக இருக்கும், ஊறவைத்தால் குழைந்துவிடும். விலை கட்டுப்படியாகவில்லை என்றால் மேலே சொன்னபடி எழுதியிருக்கிற வேறு எந்தக் கிட்டன் உணவும் போதும். கோழி அடிப்படையில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். ஒவ்வாமை இருக்குமோ என்று இந்த வயதில் முதலிலேயே சந்தேகப்படத் தேவையில்லை.

மூட்டைத் தீனியைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். கடல் காற்றுள்ள ஊரில் திறந்த மூட்டையில் கிடக்கும் தீனியின் கொழுப்பு சீக்கிரம் சிக்குப் பிடிக்கும். கையில் நசுக்கி மோந்து பாருங்கள், பழைய எண்ணெய் வாடை வரும். 400 கிராம் பாக்கெட்டாக வாங்கி, வாயை மடித்து, பாக்கெட்டோடு மூடி போட்ட டப்பாவில் வையுங்கள்.

டாக்டர் வேறு சொன்னால் அதுதான் சரி. இல்லையென்றால் இரண்டு நாள் தோல், உப்பு, மஞ்சள் எதுவும் இல்லாமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறியை நூலாகப் பிய்த்து, வெந்த தண்ணீரோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். வெங்காயம், பூண்டு வாசமே படக் கூடாது, அவை பூனையின் ரத்த அணுக்களை உடைத்துவிடும். மூன்றாம் நாள் கால் பங்கு கிட்டன் உணவு, முக்கால் பங்கு கோழி. இரண்டு நாளுக்கு ஒரு முறை பங்கைக் கூட்டுங்கள். நடுவில் இளகினால் முந்தைய பங்குக்கே திரும்புங்கள். பட்டினி மட்டும் போட வேண்டாம், இவ்வளவு சின்னக் குட்டிக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

கேட்டவர், மூன்று நாள் கழித்து

போய்விட்டு வந்தோம். டாக்டர் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு உருளைப்புழு முட்டை நிறைய இருக்கிறது என்றார். காக்சிடியா இல்லை. எடைக்குக் கணக்குப் போட்டு ஊசியில்லாத சிரிஞ்சில் வாய் ஓரமாக மருந்து விட்டார், இரண்டு வாரத்தில் மறுபடி வரச் சொன்னார். மறுநாள் மணல் தட்டில் வெந்த சேமியா போல நாலைந்து வெள்ளைப் புழு, ஒன்று இன்னும் சுருண்டு நெளிந்துகொண்டிருந்தது. இத்தனை நாள் இதையெல்லாம் வயிற்றில் வைத்துக்கொண்டு அந்தக் குட்டி விளையாடியிருக்கிறது. மகளைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டேன்.

கோழி நேற்றோடு முடிந்தது, இன்று கால் பங்கு ஆரம்பித்திருக்கிறேன்.

பதில்: முத்தியால்பேட்டை, புதுச்சேரி

நல்ல செய்தி. அந்தத் தட்டைத் தினமும் சுத்தம் செய்யுங்கள். இந்தப் புழு குழந்தைகளுக்கும் வரும், பாப்பா தொட்டு விளையாடிய பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வாலடிக்குத் தேங்காய் எண்ணெய் லேசாகத் தடவலாம், நக்கினாலும் பயமில்லை.

கேட்டவர், இரண்டு வாரம் கழித்து

ஒன்பதாம் நாள் முழுக்கக் கிட்டன் உணவுக்கு வந்துவிட்டோம். நடுவில் பாதிப் பங்கில் ஒரு நாள் இளகியது, நீங்கள் சொன்னபடி ஒரு படி பின்னால் போய் இரண்டு நாள் நின்றேன். இப்போது நாளுக்கு இரண்டு தடவை, கெட்டியாக. இன்று எடை 1,010 கிராம். இரண்டாவது பூச்சி மருந்தும் ஆயிற்று, அடுத்த வாரம் முதல் தடுப்பூசி. வாலடியில் முடி மறுபடி வந்துவிட்டது.

ஒரே ஒரு கேள்வி. மீன்காரம்மா கூடையை இறக்கினாலே பொட்டு வாசலுக்கு ஓடுகிறது. இனி மீனே கொடுக்கக் கூடாதா?

பதில்: லாசுப்பேட்டை, புதுச்சேரி

இன்னும் மூன்று வாரம் போகட்டும் சகோதரி. அப்புறம் வேகவைத்து, முள் எடுத்து, ஒரு சின்ன ஸ்பூன் கொடுங்கள். ஒரு நாள் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். அன்றைக்குக் கிட்டன் உணவை அந்த அளவுக்குக் குறைத்துவிடுங்கள்.