லோ-கோட் செயலி: கடைக்காரரே கட்டிக்கொள்ளலாமா?

தேக்கா மளிகை:
சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் உணவகங்களுக்கு மளிகையும் காய்கறியும் மொத்தமாகக் கொடுக்கிறேன். டெலிவரிக்கு ஒரு செயலி வேண்டும் என்று ஒரு நிறுவனத்தைக் கேட்டேன். 38,000 வெள்ளி, ஆறு மாதம் என்றார்கள். எங்கள் கடையில் கணக்கு பார்க்கும் பெண், அதிகம் நிரல் எழுதாமலே செயலி கட்டும் 'லோ-கோட்' கருவியான மைக்ரோசாப்ட் பவர் ஆப்ஸில் மூன்றே வாரத்தில் அதைச் செய்துவிட்டார். நிரல் எழுதத் தெரியாதவர். எக்செல் சூத்திரம் தெரியும், அவ்வளவுதான்.

முன்பெல்லாம் கார்பன் தாள் வைத்த புத்தகம். சின்ன வெங்காயத்தில் இரண்டு மூட்டை குறைகிறது என்று உணவகத்தில் சொன்னால், ஈரத்தில் ஊறிப்போன மஞ்சள் தாளை வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக் கூட்டிக்கொண்டிருப்போம். இப்போது ஓட்டுநர் மூட்டைகளைப் படம் எடுத்து, கைபேசியிலேயே கையெழுத்து வாங்கிவிடுகிறார். சண்டை நின்றது. இனி நிரலர்களுக்கு எதற்குக் காசு? மறுப்பவர்கள் வரலாம்.

பழைய நிரலர்:
வந்துவிட்டேன். 'லோ-கோட்' என்ற பெயரை ஃபாரஸ்டர் ஆய்வு நிறுவனம் 2014இல் வைத்தது. ஆசை அதைவிடப் பழையது. 1992இல் மைக்ரோசாப்ட் ஆக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருள் வந்தபோதும் இதே பேச்சுத்தான். அப்படிச் செய்தவர் வேலையை விட்டுப் போன பிறகு, அவர் கோப்பைத் திறந்து பார்த்துத் தலையில் கை வைத்தவன் நான்.

உங்கள் பவர் ஆப்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கட்டிய இணைய வாசல்கள் வழியாக 38 மில்லியன் பதிவுகள் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடந்தன என்று 2021 ஆகஸ்டில் அப்கார்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது. எவரும் சுவரேறிக் குதிக்கவில்லை. தரவுப் பட்டியலைப் பார்க்கும் அனுமதி, நாமாக மூடாதவரை திறந்தே இருந்தது. மைக்ரோசாப்டின் சொந்தப் பக்கங்களும் அதில் மாட்டிக்கொண்டன. இங்கே தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி அபராதம் ஒரு மில்லியன் வெள்ளி வரை போகும். பெரிய நிறுவனங்களுக்கு அதற்கு மேலும்.

தேக்கா மளிகை:
என் பழைய டெலிவரி புத்தகம் எல்லா வாடிக்கையாளர் தொலைபேசி எண்ணோடும் நாள் முழுக்க லாரியின் முன்கண்ணாடி ஓரத்தில் கிடக்குமே, ஐயா. அதற்கு எந்த அனுமதி இருந்தது?

புது ஆள்:
நடுவில் ஒரு கேள்வி. இதற்கு அரசாங்கத்தின் உற்பத்தித்திறன் தீர்வுகள் மானியம் கிடைக்குமா?

கணக்கு மேசை:
கிடைக்காது, தம்பி. முன்னரே அங்கீகரிக்கப்பட்ட தீர்வை வாங்கினால்தான் 50 விழுக்காடு வரை தருவார்கள். சொந்தமாகக் கட்டியது அந்தப் பட்டியலில் வராது.

நிரலர் ஐயாவுக்கு ஒரு கதை. 2024 ஜனவரி 1ஆம் தேதி பொருள், சேவை வரி 8இலிருந்து 9 விழுக்காடானது. என் வாடிக்கையாளர் ஒருவரின் மென்பொருளில் பதினொரு நாள் 8 விழுக்காட்டிலேயே பில் போயிருக்கிறது. வரி விகிதத்தை ஓரிடத்தில் வைக்காமல், பார்த்த இடத்திலெல்லாம் 8 என்று எழுதி வைத்திருந்தார்கள். எழுதியவர் வேலை அனுமதி முடிந்து ஊருக்குப் போய்விட்டார். வித்தியாசத்தை முதலாளி கைக்காசில் கட்டினார்.

பழைய நிரலர்:
நான் சொன்னது இதைத்தானே!

கணக்கு மேசை:
அவசரப்படாதீர்கள். அது லோ-கோட் அல்ல. பட்டம் பெற்ற நிரலர், பணம் வாங்கிக்கொண்டு, வரிவரியாக எழுதியது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கக்கூட எங்களுக்கு வழியில்லை. பவர் ஆப்ஸ் என்றால் பொத்தானைச் சொடுக்கி அதன் சூத்திரத்தை நானே படித்திருப்பேன்.

பழைய நிரலர்:
சரி, அந்த அடி எனக்குத்தான். ஆனால் படிக்க முடிவதால் மட்டும் பிழை கண்ணில் பட்டுவிடாது.

மளிகைக்காரரே, உங்கள் தரவு மைக்ரோசாப்டின் இணையச் சேமிப்பான ஷேர்பாயிண்டில், ஒரு பட்டியலாகத்தானே இருக்கிறது? அதில் மொத்தம் போடும் சூத்திரத்தைச் சர்வர் கணக்கிட்டுத் தராது. செயலி முதல் 500 வரிகளை மட்டும் கைபேசிக்கு இழுத்துவந்து கூட்டும். அமைப்பை மாற்றினாலும் 2,000தான் உச்சம். மிச்ச வரிகளை அது கண்டுகொள்ளாது. பயன்படுத்துபவருக்குப் பிழைச் செய்தியும் வராது. கட்டுபவரின் திரையில் மட்டும் சின்னதாக ஓர் எச்சரிக்கைக் குறி தெரியும். உணவகங்களின் நிலுவையைச் செயலியில்தான் பார்க்கிறீர்களா? அந்தப் பட்டியலை எக்செலில் இறக்கி ஒருமுறை கூட்டிப் பாருங்கள்.

தேக்கா மளிகை:
பார்த்தேன். பணம் வராத வரிகள் 743. செயலி காட்டிய நிலுவை 44,910 வெள்ளி. எக்செல் கூட்டினால் 67,385. கடையை மூடிவிட்டு இரண்டு முறை சரிபார்த்தேன். தொகை குறைந்துகொண்டே வருகிறதே, ஆட்கள் ஒழுங்காகப் பணம் கட்டுகிறார்கள் என்று போன மாதம் சந்தோஷப்பட்டேன்.

அந்தக் குறியைப் பார்த்ததாகவும், செயலி ஓடுவதால் விட்டுவிட்டதாகவும் எங்கள் பெண் சொல்கிறார். இப்போதைக்கு 2,000ஆக மாற்றிவிட்டார். அதற்கு அவருக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். 38,000 கொடுத்து வாங்கியிருந்தால் இதைக் கேட்கவே மூன்று மின்னஞ்சல் போட்டிருப்பேன்.

பழைய நிரலர்:
தீபாவளிக் கூட்டத்தில் 2,000மும் நிரம்பிவிடும். அதற்குள் தரவைச் சரியான தரவுத்தளத்துக்கு மாற்றுங்கள். டெலிவரித் திரையைத் தொட வேண்டாம், அது நன்றாகத்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன், காசு வேண்டாம். ஆனால் அந்தப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்து அவரே செய்ய வேண்டும். நான் செய்துவிட்டுப் போனால் அப்புறம் என்னைத் தேடுவீர்கள்.

தேக்கா மளிகை:
ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் கால் வைக்க இடம் இருக்காது, ஐயா. செவ்வாய் வாருங்கள்.