விடுப்பில் போனவரின் வேலையைப் பார்ப்பவருக்கு என்ன பெயர்?

பணியாளர் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மூன்று நாட்களாக ஒரே சொல்லில் நிற்கிறேன். ஒருவர் மகப்பேறு விடுப்பில் போகிறார். அவர் திரும்பும்வரை இன்னொருவர் அந்த வேலையைப் பார்க்கிறார், அப்புறம் விலகிக்கொள்கிறார். அந்த இன்னொருவரைக் குறிக்கத்தான் சொல் வேண்டும்.

முதலில் 'மாற்றுப் பணியாளர்' என்று போட்டேன். அதைப் படித்துப் பார்த்த தோழி, "பழையவரை நீக்கிவிட்டார்களா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கால்பந்தில் மாற்று வீரர் இறங்கினால், வெளியே போனவர் பெரும்பாலும் அந்த ஆட்டத்துக்குத் திரும்புவதில்லை. அந்த வாடை சொல்லில் ஒட்டியிருக்கிறது. விடுப்பில் இருப்பவர் இதைப் படித்துப் பயந்துவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

'தற்காலிகப் பணியாளர்' காலத்தைச் சொல்கிறது, யாருக்காக என்பதைச் சொல்லவில்லை. 'இடைக்கால' என்பது அரசுக்கும் பட்ஜெட்டுக்கும்தான் பொருந்துகிறது. 'பொறுப்பு மேலாளர்' நன்றாக இருக்கிறது, ஆனால் 'பொறுப்பு ஓட்டுநர்' என்றால் பொறுப்பான ஓட்டுநர் என்று படிக்கிறார்கள். 'பதிலி' எனக்குப் பிடித்த சொல். ஆளா பொருளா என்பதுதான் தெளிவாக இல்லை. 'பதிலாள்' கொஞ்சம் நெருங்கி வருகிறது, ஆனால் வேறொருவர் சார்பில் கையெழுத்திடுபவர், வாக்களிப்பவர் என்ற பொருளும் அதற்கு உண்டு.

பேச்சில் "அவர் வர்றவரைக்கும் இவர் பார்த்துக்குவார்" என்று முடித்துவிடுகிறோம். கையேட்டில் இது பன்னிரண்டு இடங்களில் வருகிறது, ஒவ்வொரு முறையும் வாக்கியமாக எழுத முடியாது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

மேலாளர் முதல் ஓட்டுநர் வரை எல்லோருக்கும் பொருந்தி, பழையவர் திரும்பி வருவார் என்பதையும் உணர்த்தும் ஒரே சொல் எது?