லோடோஸ் வார்: எந்த வரிசையில் பார்க்கச் சொல்வது?

வணக்கம் நண்பர்களே. 'ரெக்கார்ட் ஆஃப் லோடோஸ் வார்' என்ற ஜப்பானிய ஃபேன்டஸி அனிமே முழுதும் பார்த்தவர்களின் கருத்து வேண்டும். புதிதாகப் பார்ப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி தயாராகிறது.

1990இல் தொடங்கிய 13 அத்தியாய ஓவிஏவில் (தொலைக்காட்சிக்கு அல்லாமல் நேரடியாக வீடியோவாக வெளியான அனிமே) சிக்கல் முதல் அத்தியாயத்திலேயே வருகிறது. நாயகன் பார்ன், எல்ஃப் பெண் டீட்லிட் ஆகியோரின் குழு ஏற்கெனவே ஒன்றாகப் பயணத்தில் இருக்கிறது. இரண்டாவதில் கதை பின்னோக்கிப் போய்விடும். புதியவர்கள் குழம்புவது இங்கேதான். முதலாவதை எந்த அத்தியாயத்துக்குப் பின் வைத்தால் கதை தடையில்லாமல் ஓடும்? அல்லது அந்தக் குழப்பத்தோடே பார்ப்பதுதான் அழகா?

அடுத்தது இன்னும் முக்கியம். கதையின் மூலமான நாவல்கள் முடியும் முன்பே எடுத்ததால், 8ஆம் அத்தியாயத்துக்குப் பின் ஓவிஏ தனி வழியில் போகிறது. 1998இல் வந்த 27 அத்தியாயத் தொலைக்காட்சித் தொடர் அந்த முடிவை ஏற்காமல், 8ஆம் அத்தியாயம் வரை வரும் சூனியக்காரி கார்லா கதைக்கு ஐந்தாண்டு கழித்துத் தொடங்குகிறது. அதனால் 8இல் நிறுத்தித் தொடருக்குத் தாவச் சொல்லலாமா? அப்படிச் செய்தால் ஓவிஏவின் அருமையான ஓவியத் தரத்தில் ஐந்து அத்தியாயங்கள் போய்விடுமே என்பதுதான் தயக்கம்.

பதிலில் எந்த வரிசையில் பார்த்தீர்கள், எங்கே குழம்பினீர்கள் என்று அத்தியாய எண்ணோடு எழுதுங்கள். கார்லாவுக்குப் பிந்தைய திருப்பங்களை மட்டும் வெளிப்படையாகச் சொல்லிவிடாதீர்கள், ப்ளீஸ்.